தேருக்கு வார்த்த தாமரைகள்

மலேசியாவில் கொரோனா முடக்கம் முடிந்து, கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த நேரம். லூனாஸில் எங்கள் வீடும் என் கணவருடைய தம்பி வீடும் ஒரே வரிசையில் ஒட்டி இருக்கின்றன. நடுவில் ஒரு சுவர்தான். முன்னால் கார் நிறுத்தும் கூரை இரண்டு வீட்டுக்கும் பொது. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தக் கூரையின் கீழே நடந்தது.

முடக்கக் காலத்தில் எங்கள் வாஷிங் மெஷினில் திருகுகிற குமிழ் ஒன்று உடைந்துபோனது. அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டிலேயே அடைந்து கிடந்த எனக்கு, காணொளிகளைப் பார்த்து நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. நன்றாக இருந்த இன்னொரு குமிழைப் பெட்டிக்குள் வைத்து, சிலிக்கோனை ஊற்றி, அது ரப்பர்போல இறுகியதும் குமிழை உருவி எடுத்தால் அச்சு தயார். அந்தக் குழிக்குள், கலந்தால் கல்லாக இறுகும் ரெசின் என்ற பிசினை ஊற்றினால் அப்படியே இன்னொரு குமிழ். கேட்க எளிதாக இருக்கும். எனக்குப் பல தடவை கோணலாகவும் உள்ளே காற்றுக் குமிழிகளோடும்தான் வந்தது. கடைசியில் ஒன்று சரியாகப் பொருந்தியபோது, வேலைக்குப் போய்ச் சம்பாதித்ததைவிடப் பெரிதாகச் சாதித்ததுபோல் இருந்தது. அதிலிருந்து அதுவே என் பொழுதுபோக்கு.

என் கொழுந்தனின் மனைவி மெர்போக் பக்கத்துப் பெண். துணி காயப்போடும்போதெல்லாம் நின்று பார்ப்பாள். ஒரு நாள், "க்கா, நானும் ஒண்ணு ஊத்திப் பாக்கட்டுமா?" என்றாள். மிச்சமிருந்த ரெசினைக் கொடுத்தேன். மறுநாள் அச்சிலிருந்து அவள் எடுத்தது கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே ஒரு குமிழிகூட இல்லை.

ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்ததும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும்.

கொஞ்ச நாளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளையின் பொம்மைக் கார் சக்கரம், தையல் மெஷின் கைப்பிடி, பழைய மோட்டார் சைக்கிளின் பின்விளக்குக் கண்ணாடி என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்று, "உடைஞ்ச சாமான் செஞ்சு தர்ற அக்கா வீடு எதுங்க?" என்று என்னிடமே கேட்பார்கள். நான் பக்கத்து வீட்டைக் கை காட்டுவேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "அவ கையில என்னமோ இருக்குலா" என்று சொன்ன அன்றைக்கு அவருக்கு இரண்டாவது கரண்டிக் குழம்பு கிடைக்கவில்லை.

ஒரு முறை, அவள் சரியில்லை என்று குப்பையில் போட்டதை யாரும் பார்க்காதபோது எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் அலமாரியில் வைத்திருந்த நல்லதைவிட அது நன்றாக இருந்தது. வயிறு எரிவது என்று சொல்வார்களே, அது உண்மையிலேயே வயிற்றில்தான் எரிகிறது.

அவளுடைய வித்தை எனக்குத் தெரியும். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சொட்டு ரெசினை விரல் நுனியால் தொட்டு, அச்சின் மூலை முடுக்கெல்லாம் தடவிவிடுவாள். அதனால் அங்கே காற்று தங்காது. ஆனால் அதை வெறும் விரலால் செய்வாள். புட்டியிலேயே கையுறை போடச் சொல்லி எழுதியிருக்கிறது. நான் முதல் நாளிலிருந்தே போடுவேன். அவளிடம் சொன்னால், "கிளவ்ஸ் போட்டா மூலை கைக்குத் தெரிய மாட்டுதுக்கா" என்பாள்.

அந்த வருடம் பக்கத்து எஸ்டேட் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தேரைப் பழுது பார்த்தார்கள். தேரைச் சுற்றி வரிசையாகத் தாமரைப்பூ வடிவத்தில் சிவப்புக் கண்ணாடி விளக்கு மூடிகள் உண்டு. பாதிக்கு மேல் உடைந்திருந்தன. அந்த மாதிரிக் கண்ணாடி எங்கேயும் கிடைக்கவில்லை. கோயில் தலைவர் கார் எங்கள் கூரைக்கு முன்னால் வந்து நின்றதும் நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தங்கச்சி இல்லையாம்மா?" என்றார்.

அவள் ஒப்புக்கொண்டாள். "க்கா, நீங்களும் கூட இருங்க" என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். அது இன்னும் வலித்தது. நான் கலந்து கொடுப்பேன், அவள் ஊற்றுவாள். எனக்கு எடுபிடி வேலை.

சில நாளில் அவள் விரல் இடுக்குகள் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்தேன். "பெரிய இவ மாதிரி வெறுங்கையால தொடாத. கிளவ்ஸ் போடு" என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே கேட்டது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா, ஒங்களுக்கு வராதது எனக்கு வந்துருச்சின்னுதானே?"

நான் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அதன்பிறகு ஒரே கூரையின் கீழே இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவளே கலந்து அவளே ஊற்றினாள், அதே வெறுங்கையோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கொழுந்தன் இரும்புக் கதவைப் போட்டு உலுக்கினான். "அண்ணி, சீக்கிரம் வாங்க!" போய்ப் பார்த்தால் அவள் முகமே அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. அவன் பின்சீட்டில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான்தான் மருத்துவமனைக்குக் காரை ஓட்டினேன். பின்னால் அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது. அடுத்தது வருமா வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். அன்றைக்கு வேண்டாத சாமி இல்லை.

பிழைத்துக்கொண்டாள். ரெசினை அவள் உடம்பு இனிமேல் ஏற்காது, அடுத்த தடவை இதைவிட மோசமாகலாம், காய்ந்த ரெசினைத் தேய்க்கும்போது பறக்கும் தூள்கூட ஆகாது என்றார் மலாய்க்கார டாக்டரம்மா. கொஞ்சம்கூடக் கூடாதா, கையுறை போட்டாலும் கூடாதா என்று அவள் மலாயில் சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பக் கேட்டாள். கூடாது என்றார் டாக்டர்.

டாக்டர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னீங்கதான்க்கா. ஆனா பொறாமையில சொல்ற மாரியே இருந்துச்சி. அதான் கேக்கல."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "பொறாமைதான்டி. ஆனா கிளவ்ஸ் போடச் சொன்னது நெசம்" என்றேன்.

அந்த வீங்கிய முகத்தோடு அவள் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

மீதித் தாமரைகளை நான் செய்ய வேண்டியதாயிற்று. அவளுக்கு ஆகாது என்பதால் எல்லாவற்றையும் கூரையிலிருந்து அள்ளி, கோயிலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குக் கொண்டுபோனேன். அவள் செய்த அச்சுகளைக் கையில் எடுத்தபோது, ஒவ்வோர் இதழின் நரம்பும் அதில் பதிந்திருந்த அழகைப் பார்த்து, அப்போதும் எனக்கு எரிந்தது. கையுறை போட்டுக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் மூலைகளில் தடவினேன். கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்து, வீடியோ அழைப்பில் அவளுக்குக் காட்டினேன். வீட்டில் உட்கார்ந்தபடி, "ஒசத்திப் புடிங்கக்கா, நூல் மாரி விழணும்... அவசரப்படாதீங்கலா!" என்று அதட்டுவாள். சிலது வீணாய்ப் போனது. திருவிழாவுக்கு முன்னால் முடித்துவிட்டோம்.

தேர் விளக்கேற்றிப் புறப்பட்டபோது, தலைவர் ஒலிபெருக்கியில் எனக்கு மட்டும் நன்றி சொன்னார். அவரிடம் போய் அவள் பெயரையும் சொல்ல வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் தாமரைகளைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது.

"க்கா, எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

"எரியட்டும். எனக்கு எவ்ளோ நாளு எரிஞ்சிச்சி தெரியுமா?" என்றேன். கூட்டத்துக்கு நடுவில் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்தாள்.

இன்றைக்கும் அந்தச் சாமான் அறையில் நான் வார்க்கிறேன். அவள் அளவுக்கு எனக்கு வரவில்லை. பொறாமையும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் யாருக்காவது ஒரு நல்லதைச் சொல்லப் போகும்போது மனதுக்குள் எரிச்சல் இருந்தால், அந்த எரிச்சலைத்தான் முதலில் வாய்விட்டுச் சொல்கிறேன். மிச்சத்தையாவது அவர்கள் நம்பட்டும்.