தானே கண்ட விடை

ஞானத்தின் ஊற்றாகிய ஆண்டவரே, உமது இரக்கத்தைப் போற்றி இதைத் தொடங்குகிறேன்.

காலைத் திருப்பலி முடிந்து கோவிலை விட்டு இறங்கும்போது ஸ்டெல்லா டீச்சரின் மகன் அழைத்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார்" என்றான். நெடுநாள் அவரை வாட்டிய வலி ஓய்ந்ததே என்று, துயரத்துக்கு முன் ஆறுதலே என் நெஞ்சில் வந்தது. அவரை அறிந்த உங்களுக்கும் அப்படியே இருந்திருக்கும்.

திண்டுக்கல்லில் ஒரே பள்ளியில் அவர் கணக்கும் நான் தமிழும் கற்பித்தோம். அறிவு புத்தகத்திலும் ஆசிரியரிடமும் மட்டுமே இருப்பதாகப் பிள்ளைகள் நம்பிவிட்டால் கற்கும் ஆசை வற்றிவிடும் என்பது அவர் கருத்து. "நோட்ஸ்ல இருக்கது நோட்ஸுக்குத்தான் தெரியும் சார், இவளுகளுக்கு எப்பத் தெரியும்?" என்பார். ஆகவே பிள்ளைகளையே கரும்பலகையில் கணக்குப் போட விட்டுவிட்டுத் தாம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்.

எரியோட்டிலிருந்து வந்த வளர்மதி பத்தாம் வகுப்பில் கணக்கில் தொடர்ந்து தோற்றாள். பள்ளியை நிறுத்தி நூற்பாலைக்கு அனுப்பிவிடுவதென்று தீர்மானித்து அவள் தந்தை வந்தார். நான் அவரை வகுப்பு வாசலுக்கு அழைத்துச் சென்றபோது வளர்மதி பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். விடை வந்தது. மறுகணமே உள்ளங்கையால் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

"ஏன்டி அழிச்ச?" என்றார் கடைசி பெஞ்சிலிருந்த டீச்சர்.

"புக்குல இந்த மாதிரி இல்லையே டீச்சர்."

"புக்கு கெடக்கு. திரும்பப் போடு."

போட்டாள். தந்தை தயங்கி, "இது சரிங்களா டீச்சர்?" என்றார்.

"என்னைய ஏன் கேக்குறீக? போட்டவ நிக்கிறா, அவகிட்டக் கேளுங்க."

வளர்மதி விடையைக் கணக்கில் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு தந்தையை நிமிர்ந்து நோக்கி, "சரிதான்ப்பா" என்றாள். அவர், "மில்லு எங்க ஓடிப் போகுது, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார்.

ஆயினும் டீச்சருக்கு ஒரு கவலை நீங்கவில்லை. புத்தகத்தை நம்பிய பிள்ளைகள் அதை விட்டுவிட்டு இப்போது ஆசிரியரான தம்மையே நம்புகிறார்களோ என்று நோயிலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் வளர்மதி அவரைப் பார்க்க வந்திருந்தாள். இப்போது மண் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறாள். நானும் அங்கிருந்தேன். டீச்சர் வேடிக்கையாக, "அன்னைக்கு நான் இல்லேன்னா நீ மில்லுலதான்டி இருந்திருப்ப" என்றார்.

"இல்ல டீச்சர், எனக்கு அப்படித் தோணல. மில்லுக்குப் போயிருந்தாலும் படிச்சிருப்பேன்."

டீச்சர் இருமல் வரும்வரை சிரித்தார். "கேட்டீகளா சார், என்னையே இல்லைங்கிறா! இனி எனக்கு ஒரு கவலையும் இல்ல."

ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இறைவசனத்தைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். முன்பெல்லாம் அத்துடன் மகிழ்ந்து அனுப்பிவிடுவேன். இப்போது, "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பே அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது.

இதை வாசிக்கும் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் ஆண்டவர் காப்பாராக. உங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்கு உங்கள் வீட்டில் என்றும் இடமிருப்பதாக.