பிரம்பிக்கு நாவூறு கழித்தோம்

பிரம்பி என்பது நாங்கள் குடிவந்த இந்த நாட்டுக் காட்டுக்குதிரை. மலையில் பிடித்த ஒருத்தியை வாங்கி, கேரம் டவுன்ஸ் பக்கம் வாடகைப் புல்வெளியில் விட்டிருந்தேன். காட்டுத்தீக்குத் தப்பியவள் என்று சொல்லித்தான் தந்தார்கள். குளிர்காலம் முழுவதும் நான் கிட்டப் போனால் காற்றாகிப் போனாள். பிறகு ஒரு மாலை தானாகவே வந்து என் உள்ளங்கையில் மூச்சுவிட்டாள். அந்தச் சூட்டை வீடுவரை பொத்திக்கொண்டு போனேன்.

மறுநாள் கோயிலுக்குப் போகும் வழியில் மனைவியையும் கூட்டிப்போனேன்.

"என்னப்பா, இவ்வளவு வடிவாய் இருக்கிறாள்! கண்ணூறு நாவூறு பட்டிடும். கழிச்சுப்போட்டுப் போவம்."

"குதிரைக்குமோ?"

"உங்கட காருக்குக் கழிக்கேக்க பேசாமல்தானே நிண்டனீங்கள்!"

சிரித்தபடி, கோயிலுக்கென்று கொண்டுவந்த தட்டில் நானே கற்பூரம் கொளுத்தி, குதிரையின் முகத்துக்கு நேரே சுற்றினேன். சுவாலையைக் கண்டதும் திரும்பிப் பாய்ந்தவள், முள்கம்பி வேலியில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டாள்.

ஷெல்லடிக்குத் தப்பி வந்து, புதுவருட வாணவெடிக்கு இன்றும் உடம்பு உதறும் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மிருகவைத்தியர் தைத்த காயம் ஆறிவிட்டது. என்னைக் கண்டால் மட்டும் நடுங்குகிறாள். இப்போதெல்லாம் நான் கையை நீட்டுவதில்லை, கூப்பிடுவதுமில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லில் இருக்கிறேன். வளர்ப்பதற்கு ஓர் உயிரை வாங்குகிறவர்கள், அது எதற்குத் தப்பி வந்தது என்பதை ஒருநாளும் மறக்க வேண்டாம்.

நேற்றும் இருட்டும்வரை இருந்தேன். பின்னால் ஒரு குளம்படியும் கேட்கவில்லை.