உடையார்கட்டுக் குளத்துக்குள் ஒரு செம்புத் தண்ணீரோடு கார்ப் பந்தயம்

உடையார்கட்டுப் பக்கம் போகிறோம், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். குளம் இருக்கிறது. அந்தக் குளத்துக்குள் நான் கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்டிருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஓட்டியவன் நானல்ல. பக்கத்துச் சீற்றில் செம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தவன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி, புரட்டாதி மாதம். முள்ளியவளையில் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது, பார்க்கப் புறப்பட்டேன். காலை ஆறு மணிக்குக் கிளிநொச்சியில் ஒரு நெல் லொறியில் தொற்றிக்கொண்டேன். பரந்தனில் திரும்பி, முல்லைத்தீவு வீதியில் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர். அந்த வீதியில் பள்ளம் எது, வீதி எது என்று பிரித்துப் பார்ப்பதை விசுவமடுவோடு விட்டுவிட்டேன். உடையார்கட்டுச் சந்தியில் இறங்கும்போது ஒன்பது மணி. அங்கிருந்து வாடகைக் கார் பிடிப்பதுதான் திட்டம். வழமையாகக் கார்கள் வரிசையில் நிற்கும் இடத்திலோ ஒன்றுகூட இல்லை.

தள்ளி, ஒரு பாலை மரத்தடியில் மட்டும் பழைய மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. கூரை துருப்பிடித்துப் போனதால் வெட்டி எறிந்திருந்தார்கள். அதனால் ஊரில் அதற்கு ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று பெயர். சொந்தக்காரர் சுப்பையா. எழுபத்தேழு கலவரத்தோடு மலையகத் தோட்டத்தை விட்டுப் பெற்றோருடன் வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். கச்சான் கடலை பயிரிட்டு அந்தக் காரை வாங்கியிருந்தார்.

“முள்ளியவளைக்கு வருவீங்களோ?” என்றேன்.

“ஓம் ஐயா, கொண்டுபோய் விடுறன். அதுக்கு முதல் குளத்துக்கை ஒரு சுத்து ஓடோணும். நீங்கள் ஏறி இருந்தால் காணும். ஆளில்லாத காரை அங்கை விடமாட்டினம்.”

போகிற வழியில் கதையைச் சொன்னார். சந்தி வரிசையில் யார் முன்னுக்கு நிற்பது என்று காரோட்டிகளுக்குள் அடிபிடி. கடைசியில், சிறுபோக நெல்வெட்டு முடிந்ததும் வற்றிய குளத்துக்குள் ஓடிப் பார்ப்போம், வந்து சேருகிற ஒழுங்குதான் அடுத்த வருட வரிசை என்று முடிவெடுத்தார்களாம். பெற்றோல் தடையால் கார்களே மண்ணெண்ணெயில் ஓடி, அதற்கும் தட்டுப்பாடான காலத்தில் பந்தயமா என்று கேட்காதீர்கள். அடிபிடிக்கு அதைவிடச் செலவு.

முதல் வருடம் வேகம் மட்டும்தான் கணக்கு. பின் சீற்றில் இருந்தவர் ஒருவருக்குப் பல்லுப் போனது. ஊர் மருத்துவமாது அதைப் பார்த்துப் பொங்கிவிட்டார். எல்லோரும் மிஸி என்று கூப்பிடும் அவருக்குத்தானே பிள்ளைத்தாச்சிகளை ஏற்றி அனுப்பும் வேலை! “இப்பிடி ஓடுறவனை நம்பி ஆரை ஏத்துறது?” என்று அவரே ஒரு விதி போட்டார். ஏறுபவர் மடியில் நிறைந்த செம்புத் தண்ணீர். செம்புக்குள் இருக்கும் கீறலுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் முதலாவதாக வந்தாலும் வெளியே. எத்தனையோ ஊரில் எத்தனையோ பந்தயம் பார்த்திருக்கிறேன். இதைவிட அறிவான விதியை எங்கும் கண்டதில்லை.

சுப்பையாவுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. வரிசைக் காரெல்லாம் போன பிறகு மிஞ்சுகிற ஓட்டம்தான் அவருக்கு. பந்தயத்தை முடித்தால் வால் இடமாவது கிடைக்கும். போன வருடம் நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டது.

“இந்த முறையும் இல்லையெண்டால் காரை வித்துப்போட்டுக் கூலிக்குத்தான் போகோணும், ஐயா.”

குளத்தடியில் ஏழு கார்கள். சண்டைக் காலம்; நல்லவேளை, அன்று ஹெலிகொப்ரர் சத்தம் இல்லை. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வழியில் நின்றால் திரும்பக் கிளப்பப் பெற்றோல் கிடையாது. மிஸி ஒவ்வொரு செம்பாக நிரப்பித் தந்தார். எனக்குத் தரும்போது எங்கே பயணம் என்று கேட்டு, முள்ளியவளை என்றதும் தனக்கும் அங்கே போகவேண்டும் என்றார்.

தண்ணீர் பின்வாங்கிக் காய்ந்து கிடந்த அலைகரையைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். சுப்பையா ஓட்டியதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு வெடிப்பையும் சாய்வாக ஏறி, தொட்டிலை ஆட்டுவது மாதிரி இறக்கினார். மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் ரேடியேற்றர் கொதித்துப் புகை தள்ளியது. அது ஏற்கெனவே ஓட்டை. சவர்க்காரம் அப்பி வைத்திருந்தார்.

எஞ்சினை நிறுத்தாமல் குதித்து இறங்கினார். என் காலை நீட்டி அக்சிலேற்றரை மிதிக்கச் சொன்னார். சாக்குத் துணியால் மூடியைத் திறந்துகொண்டே கையை நீட்டினார். “தண்ணி!”

நானும் கொடுத்துவிட்டேன். கடைசிச் சொட்டுவரை ஊற்றி மூடியைத் திருகிய பிறகுதான் இரண்டு பேருமாகச் செம்பைப் பார்த்தோம்.

“ஐயோ, என்னாங்க செஞ்சிட்டோம்!” பதற்றத்தில் மலைநாட்டுப் பேச்சு வந்துவிட்டது அவருக்கு.

கூப்பிடு தூரத்தில் குளத்துத் தண்ணீர் மினுங்கியது. நிரப்பிக்கொண்டு போவோம், யாருக்குத் தெரியும் என்றேன்.

“மிஸி நம்பித் தந்தது, ஐயா. அவாவை ஏய்க்கேலாது” என்று காரை எடுத்தார்.

கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். மிஸி செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“சிந்தினதோ, தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

“ஒரு சொட்டும் சிந்தேல்லை. எல்லாம் ரேடியேற்றருக்கை.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூன்று வருடமாக வரிசையில் முதலாவதாக நிற்கும் தம்பிராசா, “வெறுஞ் செம்புக்கு இடமில்லை, மிஸி. விதி நீங்கள் போட்டது” என்றார்.

“ஓம், விதி விதிதான். சுப்பையாவுக்கு வரிசையிலை இடமில்லை.”

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்தது. கொடுத்தது என் கையல்லவா?

மிஸி தன் பையையும் குடையையும் எடுத்தார். முதலாவதாக வந்த தம்பிராசாவின் காரைத் தாண்டினார். மற்றக் கார்களையும் தாண்டி வந்து, கூரையில்லாத காரில் ஏறி இருந்து குடையை விரித்தார்.

“வரிசை சந்திக்கு. பிள்ளைத்தாச்சிக்கு வாற காரை நான்தான் சொல்லுவன். ஆளை நடுவழியிலை விடாமல் கொண்டுவந்து சேர்க்கிறவன்தான் எனக்கு வேணும். அந்தச் செம்பை நிரப்பிக்கொண்டு வா சுப்பையா, முள்ளியவளை வரைக்கும் போகோணுமெல்லே?”

சுப்பையா குளத்துக்கு ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முள்ளியவளைக்கு அவர் என்னிடம் காசு வாங்கவில்லை. எவ்வளவோ சண்டை பிடித்தும் பார்த்தேன்.

இனிப் போகிறவர்களுக்கு: புரட்டாதியில் போனால் அலைகரையில் நடக்கலாம்; ஐப்பசி மழை தொடங்கினால் சேறு. பரந்தனிலிருந்து பஸ் இருக்கிறது. சொந்தக் காரில் போகிறவர்கள் குடிக்க ஒரு போத்தல் தண்ணீரும் காருக்கு வேறாக ஒன்றும் கொண்டுபோங்கள், இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

அக்காவின் மூன்றாவது பிள்ளை பிறந்தது நல்ல மாரியில்; அப்போது அவள் உடையார்கட்டுக்குக் குடிவந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சுப்பையாவின் கார். வழி முழுக்க மிஸி அக்காவுக்குக் குடை பிடித்தாராம், சுப்பையா தெப்பமாக நனைந்தாராம். ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள்.