மாமா வாங்கித் தந்த கைதட்டல்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை முடிந்து, திருப்பதி வீட்டில் பருப்புத் தண்ணீர் மட்டும் குடித்துவந்த என் எதிரே, சித்தூரிலிருந்து வந்த மாமா ஆட்டுக்கறி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். பட்டையும் புதினாவும் கலந்த அந்த ஆவி என்னைப் பத்து வயதுக்கு இழுத்துச் சென்றது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாமா தெருக்காரர்களை அழைத்து, கூடத்தின் நடுவே முக்காலியில் என்னை உட்கார வைப்பார். நான் பேச்சாளனாவதற்கு முன்பே எனக்கு வாய்த்த மேடை அது.

"பாருங்க, இன்னொரு தட்டும் துன்னுவான்!" என்பார் மாமா.

தொண்டைவரை நிறைந்த பின்னும் கறிக்குழம்பு சொட்டும் கரண்டி இறங்கும். அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அதைப் பாராட்டென்று நம்பி நான் மேலும் விழுங்கினேன்.

"என்னடா, வவுத்த ஆஸ்பத்திரிலயே வுட்டுட்டு வந்துட்டியா? ஒரு வாய் துன்னு, ஒண்ணும் ஆவாது" என்று மாமா இப்போதும் நீட்டினார். நாவில் நீர் ஊறியது. மருத்துவரின் எச்சரிக்கையும் நினைவிருந்தது. அவர் கையை விலக்கிவிட்டு, வீடே கேட்கும்படி சொன்னேன்:

"மாமா, வர்ற மாசம் உன் பொண்ணு கல்யாண ரிசப்ஷன்ல மைக்கு என் கையிலதான் இருக்கும். என்னை வச்சி நீ காட்டின வேடிக்கைய ஒண்ணு விடாம உன் சம்பந்தி முன்னால சொல்றேன். அன்னிக்கு எல்லாரும் உன்னைப் பாத்து சிரிப்பாங்க."