ஸ்னோவில் பட்ட மஞ்சள்

கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு வாசல் அன்று காலையில் காணாமல் போயிருந்தது. கதவைத் திறந்தால் படியும் இல்லை, பாதையும் இல்லை. குப்பைத் தொட்டிகள் இருந்த இடத்தில் யாரோ வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. லண்டனுக்கு வந்தபின் நான் கண்ட முதல் ஸ்னோ அது. ஊரில் மார்கழிப் பனிக்கே அப்பா காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டுதான் திருவெம்பாவைக்குப் போவார். வழியில் சந்திக்கிற எல்லாரிடமும் குளிர் கொல்லுது என்று முறையிடுவார். அந்த மனிதரை இந்த வாசலில் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் விடியவே முற்றம் கூட்டி, சாணகத் தண்ணீர் தெளித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்த காலத்தில்கூட, எங்கள் பாய்க்கு முன்னால் இருந்த சீமெந்துத் தரையில் அம்மா நாலு சொட்டுத் தண்ணீராவது தெளிப்பார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று லட்சுமிக்குத் தெரிய வேண்டாமா என்பார். லண்டனில் சாணகத்துக்கு எங்கே போவது? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று நான் மஞ்சள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன்.

முதல்நாள் இரவு பெற்றோல் நிலைய ஷிப்டுக்குப் புறப்படும்போதே என் கணவர் எச்சரித்திருந்தார்.

"நாளைக்கு ஸ்னோ வருமாம். வெளியில தண்ணி கிண்ணி ஊத்திப் போடாதையும். ஐஸாப் போனா ஆரேன் சறுக்கி விழுவினம்."

"நான் எங்க ஊத்திறன்? தெளிக்கிறதுதானே" என்றேன்.

தெளித்தும் விட்டேன். வெறும் சீமெந்தில் மஞ்சள் அவ்வளவாகத் தெரியாது. ஸ்னோவில் அது விழுந்து பளிச்சிட்டதைக் கண்டதும் எனக்குக் கை தாராளமாகிவிட்டது. வாசலில் தொடங்கி, பக்கத்து வீட்டு டெரெக்கோடு பங்குபோடும் நடைபாதை வரைக்கும் தெளித்துக்கொண்டே போனேன்.

டெரெக் மனைவியை இழந்தவர். மில்லி என்ற கிழட்டு நாயோடு தனியாக இருந்தார். இத்தனை மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு "மோர்னிங்" என்ற ஒரே ஒரு சொல்தான். அன்று முற்பகல் அவரே மணியை அடித்தார். கூடவே மில்லியும் நின்றது.

அவர் பேசினார், நீளமாகப் பேசினார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷுக்கும் டெரெக்கின் இங்கிலீஷுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. "சொரி" என்பதும் "மில்லி" என்பதும் மட்டும் பிடிபட்டன. விளங்காத இடத்தில் சிரித்துக்கொண்டு "நோ ப்ரொப்ளம்" சொல்வது என் வழக்கம். சொன்னேன். அவர் முகம் வாடியது. இன்னும் ஏதோ சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று முன்னிலும் அகலமாகச் சிரித்து, "நோ நோ, நோ ப்ரொப்ளம்" என்று தேற்றினேன்.

மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். என் வாசல், என் மஞ்சள், பக்கத்தில் மில்லியின் காலடிகள். பிறகு மில்லியின் வயிற்றைத் தொட்டுக் காட்டி "லிவர்" என்றார், "வெட்" என்று மிருக வைத்தியரையும் இழுத்தார். மில்லியைத் தன் காலோடு அணைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது. லட்சுமிக்குத் தெளித்ததை இந்த மனிதர் நாயின் மூத்திரம் என்று நினைத்திருக்கிறார். அதன் நிறத்தைப் பார்த்து மில்லிக்கு ஈரல் கெட்டுவிட்டது, இனித் தப்பாது என்றும் முடிவு கட்டியிருக்கிறார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, அவருடைய நாய் சாகப்போகிறது என்ற செய்திக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது.

விளக்க எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. உள்ளே ஓடிப்போய், செம்பில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் தெளித்தேன். டெரெக் குனிந்து பார்த்தார். கையுறையைக் கழற்றி, ஒரு விரலால் தொட்டு, மூக்கருகில் கொண்டுபோய்ப் பயந்து பயந்து மணந்து பார்த்தார்.

"கறி?"

"கறி. டெம்பிள். ஃப்ரைடே" என்றேன். "எவ்ரி ஃப்ரைடே."

மில்லியும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாகத் தும்மியது. டெரெக் அப்படியே ஸ்னோவில் முழங்காலிட்டு அதைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்தபின் என் வீட்டுக்கு வெளியே ஒருவரோடு சேர்ந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான். ஷிப்ட் முடிந்து வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேஸ் ஒண்டும் போடேல்லைதானே?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் படுக்கப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஸ்னோ கிடந்தது. நான் தெளித்து முடிக்கும்வரை டெரெக் மரியாதையாக ஒதுங்கி நின்றார். பிறகு, யாரும் சறுக்கி விழாதிருக்க, பாதைக்குப் போடும் உப்பைப் பையோடு கொண்டுவந்து மஞ்சளுக்கு மேல் அள்ளி வீசத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து வீடியோவில் வந்த அம்மா வாசலைக் காட்டச் சொன்னார். போனை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"அதென்ன பிள்ளை, உப்பு? கண்ணூறு கழிக்கிறாரோ அவர்?"

"ஓம் அம்மா" என்றேன். உப்பின் கதையைச் சொல்லப் போனால் ஐஸின் கதையும் மூத்திரத்தின் கதையும் சொல்ல வேண்டிவரும்.

"எங்கட ஒழுங்கையில இப்ப ஆரடி இதெல்லாம் செய்யினம்? நல்ல சனத்துக்குள்ளதான் இருக்கிறாய்" என்ற அம்மா, மஞ்சள் தெளித்த வாசலைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மா தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று டெரெக் நினைத்துவிட்டார். உப்புப் பையைக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, போனைப் பார்த்துத் தானும் கைகூப்பினார். போனைப் பிடித்திருந்த கை குளிரில் விறைத்துப் போயிற்று. அதைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை.