அடியில்லாத மணக்குடம்

லிசில்லா வாயாடி. ஏதென்ஸ் குயவர் தெருவில் மாலையும் நாடாவும் விற்றவள். கல்யாண வீடோ சாவு வீடோ, இவள் கூடை போகாமல் காரியம் நடக்காது. புருஷன் கடற்போருக்குப் போனவன், திரும்பவில்லை. ஒற்றை மகள் மிர்ட்டோவை அந்த வாயை வைத்துத்தான் வளர்த்து ஆளாக்கினாள்.

கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில் பாழாய்ப்போன காய்ச்சல் ஊருக்குள் வந்தது. மிர்ட்டோவும் படுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நல்ல மனுஷர்கள்! லிசில்லாவின் புத்தியில் ஒன்றுதான் நின்றது. மணப்பெண்களைக் குளிப்பாட்டுகிற கல்லிரோயே ஊற்றுத் தண்ணீரில் மணக்குளியல் ஆகிவிட்டால் மகள் பிழைத்துக்கொள்வாள். மணப்பெண்ணான பிறகு அவளை எந்தச் சாமி கொண்டுபோகும்?

அந்தத் தண்ணீர் எடுக்கும் மணக்குடத்துக்காகக் குயவன் தீமியாஸிடம் ஓடினாள். சூளைக்கு முன்னால் நெடுங்கழுத்து மணக்குடங்கள் நின்றன. எல்லாவற்றிலும் மணப்பெண் ஊர்வலம் தீட்டியிருந்தது. ஒன்றைத் தூக்கி உள்ளே பார்த்தாள். அடிவழியாகத் தரை தெரிந்தது.

"அடி எங்கடா?"

"இப்ப கேக்குறதெல்லாம் சமாதிக்குத்தான் அக்கா. கல்யாணம் ஆகாம போனதுங்களுக்கு. மேல ஊத்துனா மண்ணுக்குள்ள இறங்கணும்ல."

"எனக்கே பாடம் சொல்றியா? எத்தனை குடத்துக்கு நாடா கட்டியிருக்கேன். நான் கேக்குறது கல்யாணக் குடம்."

தீமியாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "புதுசா வனைஞ்சு, காயவெச்சு, சுடணும். அதுவரைக்கும் பாப்பா..."

"மேல பேசினே, நாக்கை அறுத்துடுவேன்."

அவன் உள்ளே போய் ஒரு மெழுகு உருண்டையை எடுத்துவந்து அவள் கையில் வைத்தான். அவளே அதைப் பிசைந்து ஓட்டையை அடைத்தாள்.

மணநீர் எடுக்கப் போகிறவர்கள் குழலும் பந்தமுமாகப் போவார்கள். இவள் தனியாகப் போனாள். வழியில் கண்ணில் பட்ட சாமியையெல்லாம் கெஞ்சினாள், கேட்காததையெல்லாம் திட்டினாள். குடத்தை நிரப்பித் தலையில் வைத்தாள். மெழுகு பிடித்துக்கொண்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தப் பைத்தியக்காரிக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

வீட்டு வாசலில் பக்கத்துவீட்டு ஃபானோ தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நகரு," என்றாள் லிசில்லா. "கல்யாணக் குளியல் இருக்கு."

ஃபானோ நகர்ந்தாள். பாதித் தண்ணீரில் மகளைத் தலைமுதல் கால்வரை குளிப்பாட்டி, கூடையிலிருந்த நல்ல நாடாவாகப் பார்த்துக் கூந்தலில் கட்டினாள் தாய். அப்போதும் அழவில்லை.

மறுநாள் குழியை மூடி, மீதித் தண்ணீரோடு குடத்தைத் தலைமாட்டில் வைத்தார்கள்.

"அடைப்பை எடுத்துடு அக்கா," என்றாள் ஃபானோ. "இல்லேன்னா நீ ஊத்துறது எதுவும் அவளுக்குப் போகாது."

"எடுத்தா அது சாவுக் குடமாயிடுமே."

லிசில்லா வெகுநேரம் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை அடியில் விட்டு நகத்தால் மெழுகைச் சுரண்டி எடுத்தாள். தண்ணீர் மடமடவென்று இறங்கி, ஈரம்கூடத் தெரியாமல் மண்ணுக்குள் போய்விட்டது.

"அடிப் பாவி மகளே, என்ன தாகம் பாரு உனக்கு," என்றாள். எழுந்து, இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவர ஊற்றுக்கு நடந்தாள்.