விரலுக்கு முந்திய சத்தம்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது: தொண்ணூறு நிமிட கேசட் ஒன்று. செம்பூரில் என் வீட்டு அலமாரியில், பைபிளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அங்கே வைத்தால் அடங்கிக் கிடக்கும் என்று ஒரு நினைப்பு.

பேய் நள்ளிரவில்தான் வரும் என்று நினைப்பவர்கள் பம்பாயில் குடியிருந்திருக்க மாட்டார்கள். இங்கே நள்ளிரவில் கடைசி லோக்கலைப் பிடிக்க ஓடும் கூட்டத்தில் பேய்க்கு நிற்க இடம் கிடைக்காது. எனக்கு வந்தது பட்டப்பகலில். 1986, ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் 2.41.

அப்போது நான் துறைமுகத்தில் குமாஸ்தா. ஞாயிறானால் சுந்தரராமனின் இசைக்குழுவில் பேஸ் கித்தார். பேஸ் என்பது நாலு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று போய்க்கொண்டிருக்கும். இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரரின் கதிதான்.

சுந்தரராமன் அணுசக்தி நகரில் குடியிருந்தார். அணு ஆராய்ச்சி மையத்து ஸ்டோரில் பைல் பார்க்கும் வேலை. மேடையில் அறிவிப்பாளர் 'விஞ்ஞானியும் இசை மேதையுமான' என்று ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார், மறுக்க மாட்டார். அவரையும் சேர்த்து எங்கள் ஒன்பது பேருக்கு 'சுந்தர் சிம்பொனி' என்று பெயர் வைத்ததும் அவர்தான். எந்த நிகழ்ச்சியானாலும், காது குத்தானாலும், அவரே இயற்றிய இரண்டு நிமிட டைட்டில் மியூசிக்கோடுதான் தொடங்க வேண்டும். அதற்குப் பெயர் 'பிரபஞ்ச நாதம்'. ரயிலைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில் இருக்கும்.

ஜூலை முதல் வாரத்தில் அவருடைய மச்சினர் துபாயிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவந்தார். அதில் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம். அடுத்த ஞாயிறுக்குள் கீபோர்டில் வராத புதுச் சத்தம் ஒன்றை நான் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஒன்பது பேர் எட்டாகிவிடும் என்றார் சுந்தரராமன். நேரில் வந்து கேட்க அவருக்கு ஒழிவில்லை. பெரிய மியூசிக் டைரக்டர்கள் எல்லாவற்றையும் கேசட்டில்தான் கேட்பார்களாம்.

வாரம் முழுக்க ரசீது எழுதுகிறவனுக்கு அந்த ஒரு மேடைதான் மனுஷனாக நிற்கிற இடம். அதை ஒருவருடைய இடது கைக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சிராஜிடம் ஓடினேன்.

தாராவியில் ஒரு தோல் பட்டறைக்கு மேலே சிராஜின் ஆம்ப்ளிபையர் ரிப்பேர் அறை. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். கடையநல்லூர்க்காரர். கப்பலில் வேலை பார்த்த யாரோ விட்டுப்போனதாக ஒரு பெடல் வைத்திருந்தார். செங்கல் அளவு இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும். பேஸ் சத்தம் உள்ளே போய், சிந்தசைசர் சத்தமாக வெளியே வரும்.

"ஒரு நேரத்துல ஒரு கம்பிதாம்ணே" என்றார் சிராஜ். "ரெண்டத் தொட்டியன்னா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிரும். பொறவு, சத்தம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். எந்த சுரம்னு அது கண்டுபுடிக்கணும்லா? நீங்க ஒரு நூல் முந்தி வாசிக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். கித்தார் வயரைப் பெடலில் சொருகினால்தான் பாட்டரி வேலை செய்யும். உருவிவிட்டால் பெடல் செத்துப்போகும். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். மறந்தால் பாட்டரி காலி.

டேப் ரெக்கார்டரில் புது கேசட் போட்டார். மாகிமில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். கீழே பட்டறை பந்த். ஞாயிற்றுக்கிழமை. தகரக் கூரையில் மழை.

மணி 2.20. ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். பெடலை மிதித்தேன்.

முதல் சுரம்... அண்டாவுக்குள் உட்கார்ந்து தவளை கத்தினால் எப்படியிருக்கும்? அப்படி. ஆனால் பிரமாதமான தவளை. நெஞ்செலும்பு அதிர்ந்தது. எந்தக் கீபோர்டிலும் இது வராது. சிராஜ் சொன்னது போலவே சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது. விரல் கம்பியை விட்ட பிறகு, ஒரு இமைப்பு கழித்து.

முந்தி வாசித்துப் பழகினேன்.

2.35 இருக்கும். தாமதம் போய்விட்டது. விரலும் சத்தமும் ஒன்றாக வந்தன. என் கைதான் பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். சுந்தரராமனோடு ஆறு வருஷம் இருந்தால் இந்த நோய் யாருக்கும் ஒட்டும்.

பிறகுதான் கவனித்தேன். நான் முந்தி வாசிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

2.41. விரலைக் கம்பிமேல் வைத்தேன். இன்னும் இழுக்கவில்லை.

சத்தம் வந்தது.

மழை அதிர்வில் கம்பி தானாக ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி விரலை வைத்தேன். மறுபடியும் வந்தது. அதன் பின்னால்தான் என் விரல் இழுத்தது. இழுத்தது அதே சுரம்.

ஏமாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மேல் கம்பி என்று மனதில் முடிவு செய்தேன். கையையும் மேல் கம்பிக்கே கொண்டுபோனேன். கடைசி நொடியில் திருப்பி, கீழ்க் கம்பியை இழுக்கப் போனேன்.

கீழ்க் கம்பியின் சுரம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது.

என் மனதை அது படிக்கவில்லை. படித்திருந்தால் ஏமாந்திருக்கும். நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும் முன்பே... அதற்குத் தெரிந்திருந்தது.

2.52. உள்ளங்கையால் நாலு கம்பிகளையும் அழுத்திப் பிடித்தேன்.

பெடல் வாசித்தது.

'பிரபஞ்ச நாதம்'. ஆனால் மெதுவாக. மிக மெதுவாக. ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம்.

குனிந்து வயரை உருவினேன்.

சிவப்பு விளக்கு அணையவில்லை.

வயர் என் கையில் தொங்கியது. வாசிப்பு தொடர்ந்தது.

திடீரென்று நின்றது. எங்கோ கண்ணாடி உடைந்தது... ஸ்பீக்கருக்குள்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் உடையவில்லை.

பிறகு மறுபடி தொடங்கியது. ஒரு சுரம் தப்பாக.

அது என் தப்பு. அவசரத்தில் ஒரு கட்டை தள்ளி விரல் வைக்கும் என் தப்பு. எனக்குத் தெரியாதா?

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பூட்ஸ் மேலேயே கிடந்தது.

ஐந்து மணிக்கு சர்ச்சுக்குப் போகிறவன் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். சிராஜ் வந்திருந்தார். பெடலைக் கழற்றி வைத்திருந்தார். இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் 'உள்ளே பாட்டரியே இல்லை' என்பார்கள். இருந்தது. புதுசு. பெடலில் ஒரு கோளாறும் இல்லை.

கேசட்டைத்தான் காணோம். தன் ஆம்ப்ளிபையரை வாங்க சுந்தரராமன் வந்திருந்தாராம். அவருக்காக நான் பதிவு செய்ததுதானே என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவில் ரிகர்சல். என் இடம் போனது என்று நினைத்துக்கொண்டே போனேன். சுந்தரராமன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"என்னப்பா மிக்கேல், டைட்டிலப் போய் எழவாத்துல வாசிக்கறாப்ல வாசிச்சிருக்கே? நடுவுல கண்ணாடி வேற ஒடையறது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா அதுல ஒரு கம்பீரம் இருக்கு. என்னோட மியூசிக் இவ்ளோ கனமா இருக்கும்னு எனக்கே தெரியாது. அடுத்த புரோகிராம இப்படியே ஆரம்பிச்சுடலாம். நீ மட்டும், தனியா. பொட்டியோட."

என் இடம் தப்பியது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். வாசித்தது நானில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாராட்டு என்று வந்தால் யாருடையது என்று கேட்டா வாங்குகிறோம்?

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஸ்டாஃப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே சுந்தரராமன் இறந்துபோனார். மாரடைப்பு. வழக்கம் போல மேதை கண்ணை மூடி இசை அமைத்துக்கொண்டிருக்கிறார் என்று யாரும் எழுப்பவில்லை. பஸ் கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிற்று.

பதிமூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, ஆகஸ்ட் 10, ஞாயிறு மாலை, கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு சின்ன ஹாலில் இரங்கல் கூட்டம். நாற்காலியில் அவர் போட்டோ, மாலையோடு. ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் தங்களைப் பற்றியே பேசினார்கள். பிறகு அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி என்னைப் பார்த்தார்.

அடுத்த நிகழ்ச்சி எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று சுந்தரராமன் வீட்டில் சொல்லியிருக்கிறார். அடுத்த நிகழ்ச்சி இதுதான்.

முடியாது என்று எப்படிச் சொல்வது?

மாமி கேட்டுக்கொண்டபடி சிராஜ் பெடலைக் கொண்டுவந்திருந்தார். வயரைச் சொருகினேன். மிதித்தேன். சிவப்பு விளக்கு.

மெதுவாக வாசித்தேன். இந்த முறை சத்தம் ஒழுங்காகப் பிந்தியே வந்தது. சாதாரணப் பெடல். சாதாரணத் தாமதம். எனக்கு மூச்சு வந்தது.

தடித்த சத்தத்தில் தரை அதிர்ந்தது. நாற்காலி அதிர்ந்தது.

போட்டோ சரிந்து விழுந்தது. கண்ணாடி சில்லுசில்லாக.

என் கை நின்றுவிட்டது.

ஹாலே நின்றுவிட்டது.

"நிறுத்தாதேள்" என்றார் மாமி. அழவில்லை. "வாசிங்கோ."

வாசித்தேன். ஒரு கட்டை தள்ளி.

மறுநாள் மாமியிடம் போய்க் கேசட்டை வாங்கி வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் கேட்டேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி உடைந்ததிலிருந்து தப்பான சுரம் வரைக்கும் பதினொரு நொடி. முதலில் ஒன்றுமில்லை, வெறும் மழை. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். ஏழாவது நொடியில், மழைக்கு அடியில், ஒரு பெண் குரல்.

"நிறுத்தாதேள்."

கூட்டத்துக்கு இருபத்தெட்டு நாள் முன்னால், தாராவியில் பதிவான கேசட். அப்போது அவர் கணவர் உயிரோடு இருந்தார்.

வாசிப்பதை அன்றே விட்டேன். கித்தாரை யாருக்கும் கொடுக்கவும் பயம், பரணில் கிடக்கிறது. சுந்தர் சிம்பொனி இப்போது ஏழு பேர். கீபோர்டுக்காரரின் இடது கை பேஸ் வாசிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறதாம்.

மூன்று வருஷம் கழித்து இதை எழுதக் காரணம் வேறு. அந்தக் கேசட் 'பிரபஞ்ச நாத'த்தோடு முடியவில்லை. நான் ஏணியில் இறங்கி ஓடிய பிறகும் அது ஓடியிருக்கிறது. கொஞ்சம் மழைக்குப் பின், பெடல் இன்னொரு மெட்டை வாசிக்கிறது. நான் எங்கும் கேட்டிராத மெட்டு. இரண்டு அடி முழுசாக. மூன்றாவது அடியில், பாதியில்... நின்றுவிடுகிறது. நான் யாருக்கும் இதைப் போட்டுக் காட்டியதில்லை. என் மனைவி ஜெயசீலிக்குக்கூட.

போன சனிக்கிழமை ஜெயசீலி அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் செம்பூர்க் கோயில் பாடகர் குழுவில் இருக்கிறாள்.

அந்த மெட்டு.

என்ன பாட்டு என்று கேட்டேன்.

"புதுசுங்க. மாதா திருநாளுக்கு மாஸ்டர் முந்தாநாத்துதான் மெட்டுப் போட்டாரு. பேஸ் வாசிக்க ஆளு இல்லையாம். எங்க வீட்டுக்காரரு இருக்காரேன்னு சொல்லிட்டேன். பேருகூட எழுதிட்டாங்க."

அன்று ராத்திரி பைபிளை நகர்த்திக் கேசட்டை எடுத்தேன். மூன்றாவது அடியின் பாதி வந்தது. நின்றது. சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்து, கேசட் தீரும் வரைக்கும் காத்திருந்தேன்.

மழை மட்டும்தான். இந்த முறை, நின்றுபோன என் கையை மறுபடி வாசிக்கச் சொல்லி ஒரு குரலும் இல்லை.